சரிவில் தூண் வீடு, மண்டலம் 3: நீலகிரியிலும் பழனி மலையிலும் நில அதிர்வுக்கு எவ்வளவு கணக்குப் போட வேண்டும்?

கோடநாடு மேடு
கோத்தகிரிப் பக்கம் ஒரு சரிவு மனை. தூண்களின் மேல் ஒரே தளம், ஏறத்தாழ 1000 சதுர அடி. மேட்டுப்பக்க வரிசைத் தூண் 1.2 மீட்டர், நடுவரிசை 2.4, பள்ளத்துப்பக்கம் 3.6. எல்லாத் தூணும் 300 × 300 மி.மீ., எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி, 150 மி.மீ. இடைவெளியில் ரிங் (நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) என்று வரைபடத்தில் இருக்கிறது. "நீலகிரியில் மண்சரிவுக்குக் கணக்குப் போட்டால் போதும், பூகம்பத்துக்குத் தேவையில்லை" என்கிறார்கள். அது சரியா? அதே மனையில் ஒரு பழைய கருங்கல் வீடும் உண்டு. மண்சாந்துக் கட்டு, மங்களூர் ஓடு, செங்கல் புகைபோக்கி. அதை இடிக்காமல் வைத்துக்கொள்ள முடியுமா?

மோயாறு
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயம்புத்தூரை உலுக்கிய அதிர்வின் அளவு ஏறத்தாழ 6 என மதிப்பிடப்பட்டிருக்கிறது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. கோவையிலிருந்து குன்னூர் நேர்க்கோட்டில் 40 கி.மீ.தான். அதன்பின் நம்மைச் சுற்றி நடந்தவை: 1988 ஜூனில் இடுக்கி (4.5), 1994 டிசம்பரில் வடக்காஞ்சேரி (4.3), 2000 டிசம்பர் 12-லும் 2001 ஜனவரி 7-லும் ஈராட்டுப்பேட்டை (5-ஐ ஒட்டி). எல்லாமே பாலக்காட்டுக் கணவாயிலும் அதற்குத் தெற்கிலும்.

நீலகிரி என்பது சார்னோக்கைட் பாறையாலான பெரும் மேடு. வடக்கே மோயாறு, தெற்கே பவானிப் பள்ளத்தாக்கு என்று அதன் விளிம்பில் பழைய உடைவு மண்டலங்கள் ஓடுகின்றன. இன்னும் தெற்கே, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் ஆனைமலையும் பழனி மலையும். இந்த உடைவுகள் பல கோடி ஆண்டு பழையவை. அவற்றில் எது இன்று விழித்திருக்கிறது என்பதை மேலே தெரியும் கோட்டை வைத்துச் சொல்ல முடியாது. இமயமலையில் தட்டுகள் நேரடியாக மோதுகின்றன, அதனால் அங்கே அடிக்கடி வருகிறது. இங்கே அதே அழுத்தத்தின் எச்சம் பழைய பலவீனங்களில் மெல்லச் சேர்கிறது. ஒருமுறை வந்த இடத்தில் அடுத்தது வர நூறு ஆண்டும் ஆகலாம், ஆயிரம் ஆண்டும் ஆகலாம். "தாத்தா காலத்திலிருந்து வரவில்லை" என்பதற்கு இங்கே சான்று மதிப்பு கிடையாது.

மகாராஷ்டிரத்தின் கில்லாரியை நினைத்துப் பாருங்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, அளவு 6.2. அன்றைய நில அதிர்வு மண்டல வரைபடத்தில் அந்த இடம் மண்டலம் 1, அதாவது நாட்டிலேயே மிகக் குறைந்த ஆபத்து. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். மண்சாந்தில் கட்டிய தடித்த கல்சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்ததுதான் பெரும்பாலான சாவுக்குக் காரணம். 2002 திருத்தத்தில் மண்டலம் 1-ஐயே எடுத்துவிட்டார்கள். சென்னையும் 2-லிருந்து 3-க்குப் போனது அப்போதுதான்.

இன்னொன்று. தீபகற்பத்தின் பாறை பழையது, கெட்டியானது. அலை சீக்கிரம் அடங்காது. அதே அளவு அதிர்வு இமயமலை அடிவாரத்தில் உணரப்படுவதைவிட இங்கே அதிகத் தொலைவுக்கு உணரப்படும்.

கருங்கல்72
மோயாறு சொன்னதன் தொடர்ச்சியாக எண்கள். ஐ.எஸ். 1893 என்ற நில அதிர்வுத் தரநிலையின் 2002, 2016 பதிப்பு வரைபடத்தில் நீலகிரியும் கோவையும் மண்டலம் 3. மண்டலக் காரணி 0.16. மதுரை மண்டலம் 2, அதாவது 0.10. பழனி மலை இரண்டுக்கும் எல்லையோரம். கொடைக்கானலில் கட்டுகிறவர்கள் 3 என்று வைத்தே கணக்கிடுங்கள், கம்பியில் பெரிய வித்தியாசம் வராது.

வீட்டின் எடை 100 டன் என்று வைத்துக்கொள்வோம். மண்டலம் 3-இல் சாதாரணத் தூண்-பீம் சட்டகத்துக்குப் பக்கவாட்டு விசை: 0.16-இல் பாதி, அதை 2.5 ஆல் பெருக்கி, 3 ஆல் வகுக்க வேண்டும். 6.7 சதவீதம். ஆக 6.7 டன் பக்கவாட்டில் தள்ளுகிறது. கேட்க அதிகமாக இல்லை, ஆனால் அதை யார் தாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

தூணின் விறைப்பு அதன் உயரத்தின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழ். உயரம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. உங்கள் மூன்று வரிசையில் 1.2, 2.4, 3.6 என்று போட்டால், மேட்டுப்பக்க வரிசை மொத்த விசையில் 86 சதவீதத்தை இழுத்துக்கொள்கிறது. நடுவரிசைக்கு 11. பள்ளத்து வரிசைக்கு 3. பார்வைக்கு நெட்டையாக, பயமாக நிற்கும் பள்ளத்துத் தூண் கிட்டத்தட்ட சும்மா நிற்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காத குட்டைத் தூண்தான் வீட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அது வளையாது, குறுக்கே வெட்டுப்படும். பெருக்கல் குறி போல விரிசல் விழுந்து, கான்கிரீட் உதிர்ந்து, கம்பி பிதுங்கும். குஜராத்தின் பூஜ் அதிர்வுக்கு (2001) பின் எடுத்த படங்களில் இந்தப் பெருக்கல் குறி திரும்பத் திரும்ப வரும்.

சரிவின் போக்கில் ஆடினால் இப்படி. சரிவுக்குக் குறுக்கே ஆடினால் இன்னும் மோசம். விறைப்பு முழுவதும் மேட்டுப்பக்கம், எடையின் மையம் வீட்டின் நடுவில். வீடு மேட்டுப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கதவு போலச் சுழலும். அப்போது பள்ளத்துத் தூண்களின் தலைதான் அதிகம் நகரும்.

அவலாஞ்சி
கருங்கல் சார், 86 என்பது அடியில் முழுசாகப் பிடித்துவைத்த தூணுக்கு. நம் மண்ணில் ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) கொஞ்சம் சுழலும். மேட்டுப்பக்கத் தூண் வெட்டிய கெட்டி மண்ணிலும் பள்ளத்துத் தூண் நிரப்பிய மண்ணிலும் நின்றால் விகிதம் மாறும்.

கருங்கல்72
மாறும், ஒப்புக்கொள்கிறேன். 86 என்பது 75 ஆகலாம். தூணுக்கு வரும் முடிவு அதேதான். நிரப்பிய மண்ணில் ஃபுட்டிங் வைக்கவே கூடாது என்பது தனிப் பிரச்சினை. எவ்வளவு ஆழமானாலும் வெட்டாத மண் வரை இறக்க வேண்டும். நிரப்பிய மண் மழையில் இறங்கும், அதிர்வில் இன்னும் இறங்கும்.

கோடநாடு மேடு, வரைபடத்தில் மாற்ற வேண்டியவை:

மேட்டுப்பக்கத் தூண்களுக்கு முழு உயரத்துக்கும் நெருக்கமான ரிங். அதிர்வுக்கான கம்பிக்கட்டு விதியான ஐ.எஸ். 13920 படி இடைவெளி மூன்றில் எது சிறியதோ அது: தூணின் குறைந்த அகலத்தில் கால் பங்கு (75 மி.மீ.), மெல்லிய நெடுங்கம்பியின் ஆறு மடங்கு (16 கம்பிக்கு 96), அல்லது 100. உங்களுக்கு 75. ஃபுட்டிங்குக்குள்ளும் 300 மி.மீ. வரை அதே நெருக்கம், பீம் சேரும் முடிச்சுக்குள்ளும் விடாமல்.

பள்ளத்துப்பக்க இரண்டு மூலையிலும் எல் வடிவத்தில் 150 மி.மீ. கான்கிரீட் சுவர், ஃபுட்டிங்கிலிருந்து தளம் வரை. விறைப்பு சமமாகும், சுழற்சி அடங்கும். இது செலவுதான். முடியாவிட்டால் குறைந்தபட்சம் நெட்டைத் தூண்களை இடையில் இரு திசையிலும் பீம் போட்டுக் கட்டுங்கள்.

தூண்களுக்கிடையே கிடைக்கும் இடத்தை விறகு அறை, கார் நிறுத்தம் என்று பிறகு பாதிச் சுவர் வைத்து அடைக்காதீர்கள். பாதிச் சுவர் ஏறிய உடனே நெட்டைத் தூண் குட்டைத் தூணாகிவிடும். குளியலறையின் மேல் ஜன்னலுக்காக முக்கால் சுவர் வைத்து நிறுத்தினாலும் இதே கதிதான்.

வில்பட்டி மேஸ்திரி
கருங்கல் சார் சொன்ன 75-ஐ சைட்டில் எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்று சொல்றேன்.

1.2 மீட்டருக்கு 75-ல் ரிங் போட்டா 17. ஃபுட்டிங்குக்குள் 4. ஆக 21. வழக்கமா 150-ல் போடுறது 9. கூடுதல் 12 ரிங். 300 தூணில் 40 மி.மீ. கவர் (கம்பிக்கு வெளியே நிக்கிற கான்கிரீட்) விட்டா ஒரு ரிங்குக்கு ஏறத்தாழ 1.05 மீட்டர் 8 மி.மீ. கம்பி. ஒரு தூணுக்கு 5 கிலோ. மேட்டுப்பக்கம் நாலு தூண்னா 20 கிலோ கம்பி. இதுக்குத்தான் இவ்வளவு பேச்சு.

ஆனா எண்ணிக்கையைவிடக் கொக்கிதான் முக்கியம். ரிங் முனையை 90 பாகைக்கு மடக்கி விடுறது கைப்பழக்கம். ஆடும்போது மேல் கவர் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி பிரிஞ்சுடும், ரிங் திறந்துடும். 135 பாகைக்கு உள்நோக்கி மடக்கி, மடக்குக்கு அப்புறம் 65 மி.மீ. நேர்க்கம்பி கான்கிரீட்டின் வயிற்றுக்குள்ள போகணும். கொக்கி வர்ற மூலையை ஒவ்வொரு ரிங்குக்கும் மாத்தி மாத்திப் போடணும். ரெண்டு கொக்கி உள்ளே வந்தா ஜல்லி இறங்க இடமில்லைன்னு சொல்லுவாங்க. 20 மி.மீ. ஜல்லியோட கொஞ்சம் 12 மி.மீ. கலந்து, ஊசி வைப்ரேட்டர் போட்டா இறங்கும். தண்ணி ஊத்தி இளக்கக் கூடாது.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. ஃபுட்டிங்குக்கு மேல ஸ்டார்ட்டர் கம்பி விட்டு அதோட தூண் கம்பியை ஜாயின்ட் போடுவோம். ஜாயின்ட் தூணோட நடுப்பாதியில்தான் வரணும்னு விதி. 1.2 மீட்டர் தூணுக்கு நடுப்பாதி 60 செ.மீ. 16 கம்பிக்கு ஜாயின்ட் நீளம் 50 மடங்குன்னா 80 செ.மீ. இடமே பத்தாது. அதனால குட்டைத் தூணில் ஜாயின்ட்டே வேண்டாம். ஃபுட்டிங்கிலிருந்து தளத்துக்கு மேலே வரைக்கும் ஒரே கம்பியா நிறுத்தி, சாய்ஞ்சிடாம மூணு பக்கம் முட்டுக் கொடுங்க.

கோடநாடு மேடு
மேஸ்திரி அண்ணே, குளிரில் கான்கிரீட் இறுகுவது தாமதமாகும் என்கிறார்களே, சென்ட்ரிங் எப்போது பிரிக்கலாம்?

வில்பட்டி மேஸ்திரி
4.5 மீட்டர் வரைக்கும் ஸ்லாப்புக்கு முட்டு 7 நாள், அதுக்கு மேல 14, 6 மீட்டர் வரைக்கும் பீமுக்கு 14. இது சாதாரண சிமெண்டுக்கும், வெப்பம் 15 பாகைக்குக் கீழே போகாத ஊருக்கும் எழுதினது. நம்ம ஊர்ல டிசம்பர், ஜனவரி ராத்திரி அதுக்கு ரொம்பக் கீழே போகும். இப்ப கடையில கிடைக்கிற பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்டும் மெதுவாத்தான் இறுகும். பனிக்காலத்துல ரெண்டு மடங்கு வச்சுக்குங்க. மூடுபனி ஈரமா இருக்கேன்னு தண்ணி ஊத்தாம விடாதீங்க. மேல் தோல் ஈரமா தெரியும், காத்தடிச்சா உள்ளே காய்ஞ்சிடும். சாக்கு நனைச்சுப் போட்டு 10 நாளாவது வைக்கணும்.

அவலாஞ்சி
"மண்சரிவுக்குக் கணக்குப் போட்டால் போதும்" என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. 1978, 1993 மரப்பாலம், 2009 நவம்பர் என்று இந்த மலையில் பெரிய சேதம் தந்தவை எல்லாம் மழைச் சரிவுகள். அதிர்வினால் வந்தவை அல்ல. ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் பிழை. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் கோத்து நிற்கும் செம்மண் சரிவுக்குப் பிடிப்பு ஏற்கனவே பாதியாகிவிட்டிருக்கும். அந்த நிலையில் நடுத்தர அதிர்வு போதும். 1900-இல் வந்தது பிப்ரவரி, காய்ந்த மாதம். அதே அதிர்வு நவம்பரில் வந்திருந்தால் மலைப்பாதைகளின் கதி வேறாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

எனவே ரிவிட்மென்ட் சுவரில் (மண்தடுப்புச் சுவர்) தண்ணீர் வெளியேறும் வழிதான் இரண்டுக்கும் சேர்த்துச் செய்யும் முதல் வேலை. 75 மி.மீ. குழாய், குறுக்கிலும் உயரத்திலும் 1.5 மீட்டருக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே வடிதுணி. துணி இல்லாமல் வைத்த குழாய் இரண்டே மழையில் சேற்றால் அடைத்துவிடும். குழாயிலிருந்து கலங்கிய தண்ணீர் வந்தால் பின்னால் மண் அரிக்கிறது என்று பொருள். கடும் மழையிலும் குழாய் வறண்டிருந்தால் அது அடைத்திருக்கிறது, அதுதான் அதிக ஆபத்து. கழிவுத்தொட்டியின் உறிஞ்சுகுழியைச் சுவருக்கு மேற்பக்கம் தோண்டவே கூடாது.

வீட்டின் மேட்டுப்பக்கத் தூணையே மண்தடுப்புச் சுவருக்குத் தாங்கலாக வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். மண்ணின் தள்ளலும் அதிர்வின் தள்ளலும் ஒரே குட்டைத் தூணில் சேரும். இடையில் கையளவாவது இடைவெளி விட்டு, சுவரைத் தனியே நிறுத்துங்கள்.

தேயிலைமேடு
பழைய கருங்கல் வீட்டுக்கு வருகிறேன். எஸ்டேட் லைன் வீடுகளும் பழைய பங்களாக்களும் பெரும்பாலும் இதே கட்டு. வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சல்லியும் மண்ணும். தடிமன் 45 முதல் 60 செ.மீ. பார்க்க மலை போல நிற்கும். உண்மையில் அது முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு மெல்லிய சுவர். ஆடும்போது நடுவில் உள்ள மண் கீழே இறங்கி ஆப்பு போல இரண்டையும் பிளக்கும். கில்லாரியில் விழுந்தது இந்தச் சுவர்தான். வெளியே சிமெண்ட் பூசினால் இரண்டும் ஒட்டாது. மாறாக ஈரம் உள்ளே தங்கி மண்சாந்து இளகும்.

செய்ய வேண்டியது, சுவரின் முழுத் தடிமனுக்கும் குறுக்கே போகும் பிணைப்பு. புதுக்கட்டில் உயரவாக்கில் 60 செ.மீ.க்கு ஒன்று, நீளவாக்கில் 1.2 மீட்டருக்கு ஒன்று நீளக்கல் வைக்க வேண்டும் என்று விதி. பழைய சுவரில் இப்படிச் செய்யலாம்:

ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒன்று, வரிசை மாற்றி மாற்றிப் புள்ளி குறியுங்கள். பூச்சை மட்டும் எடுத்து, ஒரு கல்லைச் சின்னக் கடப்பாரையால் மெல்ல அசைத்து உருவுங்கள். சுத்தியலால் அடிக்கவே கூடாது, அடித்தால் நடுமண் சரிந்து பக்கத்துக் கல்லும் கழன்றுவிடும். மறுபக்கம் வரை 75 மி.மீ. துளை வர வேண்டும், இரு முனையிலும் சற்று அகலமாக, உடுக்கை போல. அடியில் பாதி அளவு கான்கிரீட் இட்டு, இரு முனையும் கொக்கியாக மடக்கிய 8 மி.மீ. கம்பியை வைத்து, மீதியை இறுக்கி நிரப்புங்கள். பத்து நாள் ஈரம். ஒரே நேரத்தில் அடுத்தடுத்துப் பல துளை திறக்காதீர்கள்.

இது சுவரைப் பிளக்காமல் வைக்கும். மூலையைப் பிரியாமல் வைக்க, ஜன்னல் தலைக்கு மேல் வீட்டைச் சுற்றி வரும் பட்டை வேண்டும். புதுக்கட்டுக்கு 75 மி.மீ. கனக் கான்கிரீட், இரண்டு 8 மி.மீ. கம்பி, 150-க்கு ஒரு 6 மி.மீ. இணைப்பு. பழையதுக்கு உள்ளும் வெளியும் வெல்டு மெஷ் பட்டையைச் சுவரில் பிணைத்து 1:3 சாந்து பூசுவார்கள். பட்டை எங்கும் அறுபடக் கூடாது. கதவு வந்ததென்று நிறுத்திய பட்டை இல்லாததற்குச் சமம்.

கோடநாடு மேடு
மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். சில நேரம் இடி போல ஒரு சத்தம், பாத்திரம் கிணுகிணுக்கும். இணையத்தில் பார்த்தால் அதிர்வு எதுவும் பதிவாகவில்லை. என்னவாக இருக்கும்?

மோயாறு
2024 ஆகஸ்ட் 9 அன்று வயநாட்டில் இதேதான் நடந்தது. முண்டக்கை-சூரல்மலைச் சரிவு நடந்து பத்து நாளே ஆகியிருந்ததால் மக்கள் மிகவும் பயந்துபோனார்கள். தேசிய நில அதிர்வு மையக் கருவிகளில் நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை. சத்தம் வந்தால் அது கல்குவாரி வெடியாக இருக்கலாம், பாறை உருண்டதாக இருக்கலாம், கருவிக்கு எட்டாத மிகச் சிறிய அதிர்வாகவும் இருக்கலாம்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி. உண்மையான அதிர்வில் முதலில் ஒரு குத்து, பிறகு இன்னொன்று, பலமான ஆட்டம். இரண்டுக்கும் இடையே உள்ள விநாடிகளை எட்டால் பெருக்கினால் தோராயத் தொலைவு கி.மீ.-இல் வரும். 5 விநாடி என்றால் 40 கி.மீ. ஒரே ஒரு தட்டு, காற்றில் சத்தம் முந்தி, ஜன்னல் கண்ணாடி மட்டும் அதிர்ந்தால் வெடியாக இருக்க வாய்ப்பு அதிகம். நேரத்தை விநாடியோடு குறித்து, எந்த மாடி, என்ன ஆடியது, எது விழுந்தது என்று மையத்தின் பூகம்ப் செயலியில் பதியுங்கள். கருவிகள் குறைவாக உள்ள மலைப்பகுதியில் இந்தக் குறிப்புகளுக்கு நிஜமான மதிப்பு உண்டு. இந்தியாவின் முதல் நில அதிர்வுக் கருவிகளில் ஒன்று 1899-இல் கொடைக்கானல் வானாய்வகத்தில்தான் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கோவை அதிர்வு. அவ்வளவு பழைய மரபு இருந்தும் நம் பக்கத்தில் உணர்ந்தவர்கள் எழுதிவைத்த குறிப்பு மிகக் குறைவு.

சத்தத்துக்குப் பின் சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று ஊற்று, கதவு சட்டத்தில் இறுகுவது இவற்றில் ஏதாவது தெரிந்தால் செயலி பார்த்துக்கொண்டிருக்காமல் வீட்டைவிட்டு விலகுங்கள். அது சரிவின் அறிகுறி.

கருங்கல்72
கடைசியாக, மேலே இருந்து விழும் பொருட்கள். 2011 மே 11 அன்று ஸ்பெயினின் லோர்காவில் வெறும் 5.1 அளவில் ஒன்பது பேர் இறந்தார்கள். கட்டிட முகப்பிலிருந்தும் கைப்பிடிச் சுவரிலிருந்தும் தெருவில் விழுந்தவைதான் பெரும்பாலான உயிரைக் குடித்தன. ஆஸ்திரேலியாவின் நியூகாசில், 1989 டிசம்பர் 28, அளவு 5.6, பதின்மூன்று பேர். அங்கே செங்கல் சுவர்களைப் பிணைத்த கம்பிகள் துருப்பிடித்துப் போயிருந்தன. இரண்டுமே பெரிய அதிர்வுகள் அல்ல, நம் மலைக்கு வரக்கூடிய அளவுதான்.

மொட்டைமாடியில் 1000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன். செங்கல் அடுக்கி அதன் மேல் வைக்காமல், தளத்தோடு பிணைத்த மேடையில் வைத்துப் பட்டையால் கட்டுங்கள். எரிவாயு உருளைக்குச் சுவரில் ஒரு சங்கிலி. கீசர் நான்கு திருகும் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறதா, பூச்சில் மட்டும் தொங்குகிறதா என்று பாருங்கள்.

கோடநாடு மேடு
பழைய வீட்டுப் புகைபோக்கி? ஓட்டுக்கு மேல் ஆறடி நிற்கிறது. அதன் அடியில்தான் படுக்கையறை.

தேயிலைமேடு
அதுதான் அந்த வீட்டில் முதலில் விழும். நூறு ஆண்டு மழையும் மூடுபனியும் மேல் வரிசைகளின் சுண்ணாம்புச் சாந்தைக் கரைத்திருக்கும், கையால் அசைத்தாலே செங்கல் வரும். பயன்படுத்தவில்லை என்றால் ஓட்டு மட்டத்துக்குக் கீழே வரை இறக்கிவிட்டு, தகடு போட்டு மூடி, ஓட்டைத் தொடர்ந்து மேய்ந்துவிடுங்கள். பயன்படுத்துவதாக இருந்தால் செங்கல்லை இறக்கிவிட்டு, அதே துளையில் எஃகுத் தகட்டுக் குழாயை ஏற்றுங்கள். எடை சில கிலோதான் இருக்கும். இறக்கும்போது மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக, சாரம் கட்டி, செங்கல்லை வெளிப்பக்கம் இறக்க வேண்டும். குழிக்குள் போட்டால் அடுப்படிச் சுவர் பெயரும். ஓடு பிரிப்பதால் மார்ச், ஏப்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை படுக்கையை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்திப் போடுங்கள்.